ஒருவருக்கு இரண்டு கண்ணீர் அஞ்சலி

போடி பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே என் கடை இருக்கிறது. பிளக்ஸ், போஸ்டர், பத்திரிகை எல்லாம் கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கொடுப்பேன். காதுகுத்து, கடை திறப்பு, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எது வந்தாலும் செய்வேன். ஆனால் முகூர்த்த மாசம், ஆடி மாசம் என்று பார்க்காமல் வருஷம் முழுக்க வருகிற சோலி சாவுதான்.

சாவு போஸ்டருக்கு என்னிடம் ஏழெட்டு மாதிரி தயாராக இருக்கும். மேகம் இருக்கும், விளக்கு இருக்கும், பறக்கிற புறா ரெண்டு இருக்கும். இறந்தவர் தோளுக்குப் பின்னால் இறக்கை முளைத்த மாதிரி ஒன்று உண்டு. அதற்குத்தான் கிராக்கி அதிகம். இதெல்லாம் கால்மணி நேர வேலை. சிக்கல் கீழே வருகிற பெயர்ப் பட்டியலில்தான். ஒருமுறை மூன்றாவது மருமகன் பெயர் விட்டுப்போனதற்காக அந்த மருமகன் பாடையை மறித்துக்கொண்டு நிற்க, நான் அவசர அவசரமாகப் புதுப் போஸ்டர் அடித்து அனுப்பி, அதை அவருக்குக் காட்டிய பிறகுதான் எடுத்தார்கள்.

இப்படி நாளைக்கு நாலு தடவை 'கண்ணீர்' என்று டைப் அடிக்கிற எனக்கு, கண்ணீர் அத்தனை லேசில் வராது. எங்கள் குடும்பம் பலசரக்குக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். என் அப்பா இறந்தபோது வீட்டில் வெள்ளைத் துணி விரித்து, நாற்காலி போட்டு, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி அனுப்பி வைத்தோம். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அழுகை வரவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து என் கையைப் பிடித்து, "அழுதுரு தாயி, உள்ளயே வச்சா வியாதியாப் போயிரும்" என்று கெஞ்சினார்கள். நான் எல்லாருக்கும் டீ வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது யாரோ "கல்நெஞ்சுக்காரி" என்று சொன்னது காதில் விழுந்தது. அதிலிருந்தே ஒப்பாரிச் சத்தம் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சாவு வீட்டுக்குக் கேதம் விசாரிக்கப் போனால் வாசலோடு தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அந்தப் பெரியவர் என் கடைக்கு வந்தது இப்படி இருந்த காலத்தில்தான். எழுபதைத் தாண்டியவர். தேவாரம் ஊருக்குப் பக்கத்து விவசாயி. அடிவாரத்தில் தென்னந்தோப்பும், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள மலைமேல் கொஞ்சம் ஏலத்தோட்டமும் அவருக்கு உண்டு. போடியில் ஏலக்காய் யாவாரம் பார்க்கும் அவர் மகனுடைய கடைக்கு போர்டு செய்து கொடுத்தது நான்தான். அதனால் முகம் தெரியும்.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒண்ணு அடிக்கணும் தாயி" என்றார்.

நான் முகத்தை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டு, "யாரு பெரியப்பா தவறுனது?" என்றேன்.

"நாந்தான்."

"எப்ப?" என்று கேட்டே விட்டேன். பழக்க தோஷம்.

"தேதியை மட்டும் காலியா விட்ரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'இன்னார் காலமானார். மாலை வேண்டாம். மேளம் வேண்டாம். வேட்டு வேண்டாம். ஒப்பாரி வேண்டாம். வேலை இருப்பவர்கள் வேலையைப் பார்க்கவும்.'

"கடைசி வரி ஆளை விரட்டுற மாதிரி இருக்கே, பெரியப்பா."

"விரட்டத்தான போடச் சொல்றேன்."

காரணத்தையும் சொன்னார். முந்தின மாதம் அவருடைய அண்ணன் இறந்திருந்தார். பூப்பல்லக்கு என்ன, ரெண்டு செட்டு மேளம் என்ன, அடுக்கடுக்காக வேட்டு என்ன! பல்லக்கின் உச்சி தெருமுனையில் கேபிள் வயரில் மாட்டிக்கொண்டது. அரை மணி நேரம் அண்ணன் அந்தரத்தில் நின்றார். பின்னால் மலையிலிருந்து வேலை முடிந்து வந்த ஜீப்புகள் வரிசையாக நிற்க, அதற்குள் ஏலக்காய் எடுத்துக் களைத்த பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பறந்து போன ஒரு வாணம் யாரோ ஒருவர் வைக்கோல் படப்பில் விழுந்து, மேளக்காரர்களே மேளத்தை இறக்கி வைத்துவிட்டு அணைக்க ஓடினார்களாம்.

"எல்லாத்தையும் கூடப் பொறுத்துக்கலாம் தாயி. வாய்க்காத் தகராறுல எங்கண்ணன் மண்டையை ஒடச்சவன் ஒருத்தன். இருபது வருசமாப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் ஆளுயர மாலையைத் தூக்கிட்டு வந்து, 'என்னை விட்டுட்டுப் போயிட்டியே அண்ணே'ன்னு மேல விழுந்து அழுகுறான். எனக்கு அப்படியே எந்திரிச்சு வெளிய போயிருவமான்னு இருந்துச்சு."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நம்மைப் போல ஒருத்தர் என்று நினைத்தேன். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, சின்னதாக ஒரு படம், பூ இல்லை, புறா இல்லை. அடித்து ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்து மஞ்சள்பைக்குள் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குத் துணி எடுத்த ஆள் மாதிரி திருப்தியாகப் போனார்.

பத்து நாள் கூட ஆகியிருக்காது. ஒரு அம்மா கடைக்குள் வந்து, அதே தாளை மேஜைமேல் விரித்தார். காதில் கல்லுத்தோடு, நெற்றி நிறையத் திருநீறு, நல்ல உயரம்.

"இதை நீதான் அடிச்சியாத்தா?"

அவர் வீட்டுக்காரம்மா என்று புரிந்தது. ஆமாம் என்றேன்.

"பீரோவுல, அவர் சட்டைக்கு அடியில கெடந்துச்சு. வாசிச்ச ஒடனே எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பொறவு வாசிக்க வாசிக்கச் சிரிப்பாணி வந்துருச்சு. வேலை இருக்கிறவங்க வேலையைப் பாக்கணுமாமே! எனக்கு என்ன வேலைன்னு போடலையே?"

நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நான் எத்தனை கேதத்துக்குப் போயிருக்கேன் தெரியுமா? எத்தனை வீட்டுல கட்டிப்பிடிச்சு அழுதிருக்கேன். இவரு போயிட்டா அவளுகள்லாம் வராம இருப்பாளுகளா? வேணாம்னு எழுதி ஒட்டிட்டா நான் எங்க போயி அழுகுறது? அடுப்படியில தனியா நின்னா?"

 அப்பா சாவன்று டீயைச் சாக்கிட்டு அடுப்படியில் தனியாக நின்றவள்தான் நான். தாளை மடித்து அவரிடமே நீட்டினேன்.

"வேற ஒண்ணு அடி. நல்லாப் பெருசா. இவருக்குத் தெரிய வேணாம்" என்றார்.

மாதிரிகளைத் திரையில் காட்டினேன். இறக்கை வைத்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகன் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றை போனில் இருந்து அனுப்பினார். கணவனும் மனைவியுமாக நிற்கிற படம். அந்தம்மாவின் கை அவர் தோளில் இருந்தது. அந்தக் கையை ஒவ்வொரு விரலாக அழித்து, அவரை மட்டும் பிரித்தெடுத்து இறக்கை வைத்தேன். தலைப்புக்கு என்ன போடலாம் என்று கேட்டேன். 'இமயம் சரிந்தது' என்று ஒன்று இருந்தது.

"இவரா இமயம்? மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போடு. எனக்கு இமயந்தான்" என்றார்.

இரண்டையும் ஒரே போல்டரில் சேமித்து வைத்தேன். அதன்பிறகு அந்தம்மா போடிக்கு வரும்போதெல்லாம் கடைக்கு எட்டிப்பார்ப்பார். ஏலக்காய் எடுக்கிற பருவத்தில் அவர் காலையிலேயே ஜீப்பில் வேலைக்காரப் பெண்களோடு மலைக்குப் போய்விடுவார் என்பதும், தோட்டத்தில் அவர்களோடு உட்கார்ந்தே சாப்பிடுவார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ரகசியம் உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியவர் தன் போஸ்டரில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதாகச் சொல்லித் திருத்த வந்திருந்தார். நான் போல்டரைத் திறந்ததும் அவரே இறக்கையோடு திரையில் வந்து நின்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இது யாரு?"

நான் முழிக்கும்போதே, சந்தையில் காய் வாங்கிக்கொண்டு அந்தம்மா கடைக்குள் நுழைந்தார். ஒரு பார்வையில் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன், நல்லாத்தான இருக்கு?" என்றார்.

"ஏ, என்னைக் கோழி மாதிரி ஆக்கி வச்சிருக்கே!"

"கோழிக்கு எங்க இம்புட்டுப் பெரிய றெக்கை? கருடன்னு சொல்லுங்க."

கடையில் பேரனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிக்க வந்திருந்த ஒரு அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னாலேயே இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். மேளம் வேண்டவே வேண்டாம் என்றார் பெரியவர். "தோப்புக்குள்ள யானை வந்தா வெரட்டத்தான் கொட்டு அடிக்கிறோம். போயிட்டவனுக்கு எதுக்குக் கொட்டு?"

"யானை போறதுக்கே அம்புட்டு மரியாதை. மனுசன் போறதுக்கு அடிச்சா என்னவாம்?"

"என் சாவு. நான் சொல்றதுதான்."

"உங்க சாவு அன்னிக்கு நீங்களா இருக்கப் போறீக? நாங்கதான இருக்கப் போறோம். கல்யாணம்னா பொண்ணு மாப்பிள்ளைக்கு. சாவுன்னா இருக்கிறவுகளுக்கு."

காதுகுத்து அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "அய்யா, நல்ல காரியத்துக்கு வந்திருக்கேன். மஞ்சள் தடவின காகிதம் கையில இருக்கு. கொஞ்சம் வெளிய போயிப் பேசுங்களேன்" என்று கும்பிட்டார். அப்படிச் சொன்னவர், ஐந்தே நிமிஷத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வேட்டு வேண்டாம் ஆனால் மேளம் கட்டாயம் வேண்டும் என்று அந்தம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். நான் பெரியவர் பக்கம். ரெண்டுக்கு ரெண்டு.

கடைசியில் அந்தம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "முன்னாடி போறவுக பேச்சு செல்லாது. பின்னாடி இருக்கிறவுக வச்சதுதான் சட்டம். ஒத்துக்கிறீகளா?"

பெரியவர் யோசித்தார். மனைவி அவரைவிடப் பத்து வயது இளையவர். தோற்கிற பந்தயம் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இருவரும் எதிர்க்கடையில் வடையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, காய்ப் பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு பஸ்சுக்குப் போனார்கள்.

அடுத்த வருஷம் ஏலக்காய்ப் பருவம் தொடங்கிய சமயத்தில், ஒரு காலை எட்டு மணிக்கு அவர்களுடைய மகன் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. மலைக்குக் கிளம்பி நின்ற அம்மாவுக்கு வாசலிலேயே நெஞ்சுவலி வந்ததாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

"அப்பாவுக்கு ஆடம்பரம் ஆகாது. அவர் மனசு நோகாம, அம்மாவுக்குச் சின்னதா ஒரு போஸ்டர் போடுங்க அக்கா" என்றார்.

கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி போன் வந்தது. இந்த முறை பெரியவரே பேசினார். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

"தாயி. எனக்குன்னு அவ ஒண்ணு அடிக்கச் சொன்னாள்ல, றெக்கை வச்சு."

"ஆமா பெரியப்பா."

"அதுல என் படத்தை எடுத்துட்டு அவ படத்தைப் போடு."

"சரி பெரியப்பா. மேல 'இமயம்'னு இருக்கு. அதை மாத்தி..."

"அது அப்படியே இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

அந்தம்மாவின் படம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதே கல்யாணப் படம். போன முறை அவர் கையை அழித்தேன். இந்த முறை பெரியவரை மொத்தமாக அழிக்க வேண்டியிருந்தது. தோளில் வைத்த கை அந்தரத்தில் நின்றது. அந்த இடத்தில் ஒரு விளக்கை நகர்த்தி வைத்தேன். கை விளக்கைத் தொடுவது மாதிரி ஆகிவிட்டது. நான் செய்த போஸ்டர்களிலேயே நல்லது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடையை அடைத்துவிட்டு நானும் போனேன். தெரு முழுக்கச் சாமியானா. ரெண்டு செட்டு மேளம், பூப்பல்லக்கு, மலை மலையாக மாலை. மகன் மேளக்காரர்களிடம் போய், "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்று காதோடு சொன்னதைப் பெரியவர் பார்த்துவிட்டார். நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கி, "அடிங்கப்பா! அவளுக்குக் கேக்கட்டும்" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் மலையிலிருந்து ரெண்டு ஜீப்பு வந்து நின்றது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்த பெண்கள். ஏலச்சாறு பிடித்த கையோடு இறங்கி, தலைவிரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வட்டமாகக் கட்டிக்கொண்டு, ஒருத்தி சொல்ல மற்றவர்கள் வாங்கி அழுதார்கள். மழைக்குத் தான் போர்த்தியிருந்த கொங்காணித்தாளைக் கழற்றிக் கொடுத்தவளே, சோத்துச் சட்டியில் ஊறுகாயைப் பங்கு வைத்தவளே என்று அந்தம்மா செய்ததெல்லாம் அந்த அழுகைக்குள் வந்தது. அவரைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாத பாதி அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் சுவரோரம் நின்றேன். முன்னால் நின்று அழுதவள், ஐம்பது வயதிருக்கும், என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "வாத்தா" என்று வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டாள். என் தலையைத் தன் தோளில் வைத்து அழுத்தினாள். நான் கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தேன். வரவில்லை.

"எனக்கு அழுகை வராதுக்கா" என்று அவள் காதில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அப்பா சாவிலிருந்து அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் ஒரு நொடி நிறுத்தினாள். "அதுக்கென்ன. நீ சும்மா சாஞ்சுக்க. ரெண்டு பேருக்கும் சேத்து நானே அழுகுறேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ஏலக்காய் மணக்கிற அந்தத் தோளில் எவ்வளவு நேரம் சாய்ந்திருந்தேனோ தெரியாது. பல வருஷத்துக்குப் பிறகு முதுகு லேசான மாதிரி இருந்தது.

வெளியே இன்னொரு காட்சி. வாய்க்கால் தகராறில் அண்ணன் மண்டையை உடைத்தவர் மாலையோடு வந்திருந்தார். கூட்டமே பெரியவரைப் பார்த்தது. பெரியவர் எழுந்து நின்றார். அந்த ஆள் மாலையைக் கீழே போட்டுவிட்டு, "மதினி போயிருச்சே அண்ணே" என்று கையைப் பற்றினார். இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுத சத்தம் மேளத்தைத் தாண்டிக் கேட்டது.

ஊர்வலம் கிளம்பிச் சாலைக்கு வந்ததும், பின்னால் ஒரு பஸ்சும் நாலைந்து ஜீப்பும் வந்து நின்றன. ஹாரன் அடிக்கக் கூச்சப்பட்டு டிரைவர்கள் காத்திருந்தார்கள். முன்னால் நடந்துகொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துக்கொண்டு நடுரோட்டுக்கு வந்துவிட்டார்.

"பல்லக்கை ஓரம் கட்டுங்கடா! பஸ்சை விடுங்க! வேலைக்குப் போயிட்டு வர்றவுக!"

மனைவியின் ஊர்வலத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அழுத கண்ணோடு, துண்டை வீசி வீசி ஒவ்வொரு வண்டியாக அனுப்பினார். பஸ்சுக்குள் இருந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டே போனார்கள். கடைசி ஜீப்பு போன பிறகு, துண்டை உதறித் தோளில் போட்டு, "ம், இப்ப அடி" என்றார். வேட்டும் இருந்தது. ஆனால் தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் ஆளை இறக்கி, பக்கத்தில் படப்பு எதுவும் இல்லை என்று அவரே நடந்து போய்ப் பார்த்த பிறகுதான் கொளுத்தவிட்டார்.

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"அந்த ஆளு அழுதது நெசமா நடிப்பான்னு அன்னிக்கு எனக்கு யோசிக்கவே தோணல தாயி. பிடிச்சுக்கிற ஒரு கழுத்து கெடச்சுது. அம்புட்டுத்தான்" என்றார். பிறகு தன் போஸ்டரைத் திறக்கச் சொன்னார். இறக்கைக்கு மாறப்போகிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மாலை வேண்டாம், மேளம் வேண்டாம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். ஒப்பாரி வேண்டாம் என்பதையும் கடைசி வரியையும் மட்டும் எடுக்கச் சொன்னார்.

"அதுக்குப் பதிலா என்ன போட, பெரியப்பா?"

"வருவோருக்கு டீ உண்டுன்னு போடு."

அதற்குப் பிறகு அவர் கேதங்களுக்குப் போக ஆரம்பித்தார். மனைவிக்காக வந்தவர்கள் வீட்டில் எது நடந்தாலும் போனார். அவருக்கு அது சரியாக வராது. அழுகிற வீட்டில் போய் ஏலக்காய் விலை கேட்பார். ஆனாலும் போவார்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை போன் செய்தார். மலைமேல் அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற மலையாளிக் குடும்பத்துப் பாட்டியம்மா இறந்துவிட்டாராம். அந்தம்மாவுக்கு அங்கே நல்ல பழக்கம்.

"அவுகளும் உங்களை மாதிரி வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. எப்ப எந்திரிக்கணும், எப்ப உக்காரணும்னு எனக்குத் தெரியாது. நீ கூட வா தாயி."

கிளம்பினேன். ஜீப்புக்குள் அவரும், தோட்டத்துப் பெண்கள் ஆறு பேரும் இருந்தார்கள். அவர்களில் எனக்குச் சேர்த்து அழுதவளும் இருந்தாள். எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர் மேல் ஒருவர் சரிந்துகொண்டே மெட்டு ஏறி, அந்தப் பக்கம் இறங்கினோம். மேலே பனிப்புகையாய் மஞ்சு இறங்கியிருந்தது.

அந்த வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பாட்டியம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை உடுத்திப் படுத்திருந்தார். ஒரு சத்தம் இல்லை. ரெண்டு கன்னியாஸ்திரீகள் முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சேர்த்து அழுத நம் ஆள் வழக்கம் போல "ஏ ஆத்தா..." என்று நெஞ்சில் கையை வைத்து ஆரம்பித்தாள். வரிசையாக இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. ஒரு பையன் ஓடி வந்து பணிவாக, "சேச்சி, பிரார்த்தன நடக்குது" என்றான். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லோருக்கும் பால் இல்லாத கட்டஞ்சாயா வந்தது.

பெரியவர் நாற்காலியில் நெளிந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்தார்.

"என்ன தாயி, பரீட்சை எழுதுற எடம் மாதிரி இருக்கு?"

"நீங்க கேட்டது இதைத்தான பெரியப்பா."

சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். "கேட்டேன். இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு, "இவுகளுக்கெல்லாம் வருத்தமே இல்லையா?"

எனக்கு அந்த வீடு பழகிய வீடாக இருந்தது. "பெட்டிக்குப் பக்கத்துல நிக்கிறாரே, அவர்தான் மகன். அவர் கையைப் பாருங்க" என்றேன்.

அறுபது வயது மகன். முதல் வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியை நேராக வைத்தார். ரெண்டு அடி நடந்தார். திரும்பி வந்து அதே நாற்காலியை மறுபடி நேராக வைத்தார். யாரோ வந்து கை கொடுத்துவிட்டுப் போனதும் மறுபடியும் வந்து அதைத் தொட்டார்.

பெரியவர் நாலைந்து தடவை அதைப் பார்த்தார். எழுந்து போனார். அந்த நாற்காலியின் ஒரு பக்கத்தை மகன் பிடித்திருக்க, மறுபக்கத்தை இவர் பிடித்துக்கொண்டு நின்றார்.  மகன் தலையைக் குனிந்துகொண்டார். 

அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பும்போது மணி நாலு. ஜீப்பு மெட்டைத் தாண்டிக் கீழே சரிந்ததும், முந்தானையைத் திணித்துக்கொண்டிருந்தவள் மெல்ல, "இங்க அழுகலாம்ல?" என்று கேட்டாள்.

"தாராளமா அழு" என்றார் பெரியவர்.

அவ்வளவுதான். மேலே அடக்கி வைத்ததெல்லாம் ஆறு பேர் வாயிலும் ஒன்றாகக் கிளம்பியது. பாட்டியம்மாவுக்கு அழுதார்கள், அப்படியே வழுக்கிப் போய்ப் பெரியவர் மனைவிக்கும் அழுதார்கள், போகிற போக்கில் அவரவர் அம்மா அப்பாவுக்கும் அழுதார்கள். வளைவுக்கு வளைவு குரல் ஏறி இறங்கியது. எதிரே வந்த ஜீப்புக்காரர் என்னவோ ஏதோவென்று வண்டியை ஓரம்கட்டி நிறுத்திப் பார்த்தார். எங்கள் டிரைவர், "ஒண்ணுமில்லண்ணே, பாக்கி இருந்துச்சு" என்று கத்திவிட்டு ஓட்டினார். பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பாதிச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். எத்தனையாவது வளைவு என்று எண்ணவில்லை, ஒரு இடத்தில் "எங்கப்பா..." என்று என் குரலும் அதில் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் அழுகையை நிறுத்தாமலேயே என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

அடிவாரத்து ஊரான முந்தலில் மலை முடிந்து சமதளம் வந்ததும் டிரைவர் டீக்கடையில் நிறுத்தினார். எல்லாரும் இறங்கி முகம் கழுவினோம். சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தது.

"ஏப்பா, பருப்பு வடையா, உளுந்து வடையா?" என்று கேட்டாள் நம் ஆள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"பருப்பு வடை. இன்னும் ரெண்டு நிமிசம் ஆகும்."

"வெரசாப் போடு. அழுததுல வயிறு கபகபன்னு இருக்கு."

பெரியவர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, எட்டுப் பேருக்கு இடம் பண்ணினார்.